திரையின் அடியில் இரண்டு வரி

நஃபீசாக்கா, ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள். முயன்று பார்க்கிறேன். சுருக்குவது எனக்குப் பழகிய வேலைதான். சப்டைட்டில் போடச் சேர்ந்த முதல் நாள் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்: ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி, இடைவெளியும் ஓர் எழுத்துதான். தமிழில் ஒரு மாமியார் மூச்சுவிடாமல் பேசுவதை அதற்குள் மடித்து வைக்க வேண்டும். ஏழு மாதமாக மடித்துக்கொண்டிருந்தேன். இன்று ஒருநாள் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நடந்ததை நடந்தபடி எழுது. எக்ஸ்ப்ளெய்ன் பண்ணு, ஆனா டிராமா பண்ணாதே லா" என்று ஃபோனில் சொன்னீர்கள். நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்து ஃபோனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன். நீங்கள் கத்தவில்லை. அதனால் பாதி சரியாகக் கேட்கவில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் மறுபடி கேளுங்கள், சொல்கிறேன்.

இதை மேலிடத்துக்கு அனுப்புவீர்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது. ரக்ஷனா, வயது இருபத்து நான்கு, வீடு பொங்கோலில். உங்கள் கம்பெனி எடுக்கும் 'லிஃப்ட் நிற்காத மாடி' தொடருக்கு ஆங்கில சப்டைட்டில் போடுகிறவள். சனிக்கிழமை மதியங்களில், பஃபலோ ரோட்டில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருக்கும் அறையில், அதே தொடரை எழுதும் இளமாறன் சாரிடம் டிராமா ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொள்கிறவள். சப்டைட்டில் வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். ஒருவர் எழுதிய வசனத்தை நாள் முழுக்க நிறுத்தி நிறுத்திக் கேட்டால் எழுத வந்துவிடும் என்று நினைத்தேன். வந்துவிட்டது. அதுதான் பிரச்சினை என்கிறார்கள்.

இளமாறன் சார் நல்ல ஆசிரியர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் வகுப்பிலேயே போர்டில் பெரிதாக எழுதிப் போட்டார்: பாத்திரத்துக்கு என்ன வேண்டும்?

"இது தெரியாம பேனாவைத் தொடாதீங்க. ஒவ்வொரு சீன்லயும் ஒருத்தருக்கு ஒண்ணு வேணும். அது கிடைக்காம இன்னொருத்தர் குறுக்கே நிக்கணும். அவ்வளவுதான் டிராமா."

"கோமதிக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டேன். கோமதி அவருடைய தொடரின் மருமகள்.

"நிம்மதி."

"இருபத்தஞ்சு எபிசோடா அதே நிம்மதியா சார்?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஆனால் என்னை ஞாபகம் வைத்துக்கொண்டார், அது எனக்குப் போதுமாக இருந்தது.

கோமதியை உங்களுக்குத் தெரியும். பழைய பிளாக் ஒன்றில் லிஃப்ட் நிற்காத ஏழாவது மாடியில், மாமியார் பாக்கியத்தோடு இருக்கிறவள். யார் என்ன செய்தாலும் "பரவாயில்லை அத்தை" என்பாள். குழம்பு கொட்டினாலும் பரவாயில்லை, வேலை போனாலும் பரவாயில்லை. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு எபிசோடுக்கு சராசரி ஒன்பது. ஒன்பது முறையும் நான் ஆங்கிலத்தில் அதையே போட வேண்டும். மேலும் பாக்கியம் கெட்டவளும் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். இரண்டு நல்லவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து அழுவதை வாரத்தில் நான்கு நாள் நான் மொழிபெயர்த்தேன்.

இனி வீட்டைப் பற்றி. அதைச் சொல்லாமல் இது புரியாது.

என் அண்ணன் ரஞ்சன் விமான நிலையத்தில் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. சென்ற நவம்பரில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி பெயர் ஷூ ஹுயி. சீனப் பெண், இதே ஊரில் தோ பாயோவில் வளர்ந்தவர். நல்லவர். இதை நான் வேண்டுமென்றே முதலிலேயே எழுதுகிறேன், பிறகு யாரும் சந்தேகப்படக் கூடாது. அவர்கள் பதிவு செய்திருக்கும் பீ.டி.ஓ. அரசாங்க வீடு கட்டி முடிய மூன்று வருடம் ஆகும் என்பதால் எங்களோடு தங்கினார்கள். அண்ணி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார், மீட்டிங்கில் பேச ஒரு தனி அறை வேண்டும். என் அறையை நானாகத்தான் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்டார், அவ்வளவுதான். ஜன்னலோரம் இருந்த என் மேசையில் அண்ணியின் இரண்டு மானிட்டர்கள் ஏறின. நான் அம்மாவின் அறைக்குப் போய், அயர்ன் பண்ணும் பலகையை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். நன்றாகவே இருந்தது. பழகிவிட்டால் ஒன்றும் தெரியாது. நடுவில் அம்மா சேலை தேய்க்க வந்தால் மட்டும் எழுந்துகொள்ள வேண்டும்.

அம்மா பெயர் வசந்தகுமாரி. முப்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து வந்தவர். அவருடைய ஆங்கிலம் மார்க்கெட்டோடு நின்றுவிட்டது. அண்ணி வந்த முதல் வாரமே, "அத்தை, என்கிட்ட தமிழ்லயே பேசுங்க. நான் கத்துக்குறேன்" என்பதை மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தார். அம்மா உருகிப்போய்விட்டார்.

"ஷூன்னு கூப்பிட்டா செருப்பைக் கூப்பிடற மாதிரி இருக்குடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அவரை ஹுயிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

தமிழ் கற்றுக்கொள்ள அண்ணி தேர்ந்தெடுத்த வழிதான் 'லிஃப்ட் நிற்காத மாடி'. திங்கள் முதல் வியாழன் வரை எட்டரைக்கு அம்மாவும் அண்ணியும் ஒரே சோஃபாவில் உட்காருவார்கள். அம்மா மேலே முகங்களைப் பார்ப்பார். அண்ணி கீழே வரிகளைப் படிப்பார், மடியில் ஒரு நோட்டு. கோமதி சொல்லும் வார்த்தையை ஆங்கில எழுத்தில் குறித்து, பக்கத்தில் நான் போட்ட அர்த்தத்தை எழுதிக்கொள்வார். அண்ணன் தரையில் உட்கார்ந்து ஃபோனில் கேம் விளையாடுவான்.

சப்டைட்டிலைப் பற்றி உங்கள் யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம் எனக்கு அந்த ஹாலில்தான் தோன்றியது. தமிழ் தெரிந்தவர்கள் அதைப் படிப்பதில்லை. படிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் ஆபீஸில் கடைசியாகச் சரிபார்க்கும் ஸைஃபுக்கு மலாயும் ஆங்கிலமும்தான். நேரம் சரியா, ஸ்பெல்லிங் சரியா, முப்பத்தேழைத் தாண்டவில்லையா என்று பார்ப்பார். நான் ஒருநாளும் தாண்டியதில்லை. தயவுசெய்து ஸைஃபைத் திட்டாதீர்கள்.

முதல் மாற்றம் முப்பத்தோராவது எபிசோடில். அதை மாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆங்கில வரிகளை இங்கே தமிழிலேயே தருகிறேன், ஒப்பிட வசதியாக இருக்கும். பாக்கியம் கோமதியின் பிறந்தநாளை மறந்துவிடுகிறாள். கோமதி கண் கலங்க "பரவாயில்லை அத்தை" என்கிறாள். அன்றைக்கு அது எட்டாவது. எனக்குக் கை வலித்தது. "எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று போட்டேன். நடிகையின் முகத்துக்கு அது எவ்வளவு பொருந்தியது என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். கலங்கிய கண்ணில் சோகம் இருந்த இடத்தில் திட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒளிபரப்பான அன்று அண்ணி கடகடவென்று சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாவம் அவ அழறா, இவ எதுக்குடி சிரிக்கிறா?"

"அவங்க ஊர் வழக்கம்மா. சோகத்துக்குச் சிரிப்பாங்க" என்றேன்.

"தோ பாயோவுலயா?"

நஃபீசாக்கா, அதுவரை என் எழுத்துக்கு யாரும் சிரித்ததில்லை. வகுப்பில் என் காட்சிகளைச் சார் வாய்விட்டுப் படிப்பார், பத்துப் பேர் கரிபஃப் தின்றுகொண்டே கேட்பார்கள். அந்த வாரம் வீட்டுப்பாடமாக, கோமதி மாமியாருக்கு எதிர்த்துப் பதில் சொல்கிற ஒரு காட்சி எழுதிக் கொண்டுபோனேன். சார் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரே கோடு போட்டார்.

"கோமதி இப்படிப் பேச மாட்டா ரக்ஷனா. ஆடியன்ஸ் தாங்க மாட்டாங்க."

ஆடியன்ஸில் ஒருவர் எங்கள் வீட்டு சோஃபாவில் இருந்தார். அவர் தாங்குவார் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். இளமாறன் சாரின் தொடர் மேலே ஓடியது, என்னுடையது கீழே. ஒரு காட்சியைக்கூட நான் வெட்டவில்லை, ஒரு நடிகருக்கும் கூடுதல் வேலை கொடுக்கவில்லை. கீழே என் கோமதி நான்கு எபிசோடுகளில் தைரியசாலி ஆனாள். ஆனால் தைரியம் மட்டும் இருந்தால் போதாது. குறுக்கே ஒருவர் நிற்க வேண்டும் என்பது பாடம். அதனால் பாக்கியத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது.

பாக்கியம் ஒவ்வொரு எபிசோடிலும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். கேள்வி ஒன்றுதான், முகபாவமும் ஒன்றுதான். நான் "இன்னுமா சாப்பிட்டு முடியவில்லை?" என்று போட்டேன். "வெயில்ல வராதே, நான் வாங்கிக்கிறேன்" என்பதற்கு, "என்னோடு வெளியே வராதே, ஆட்கள் பார்ப்பார்கள்." "விடும்மா, நான் கழுவிக்கிறேன்" என்பதற்கு, "என் சமையலறையில் கை வைக்காதே." எல்லாம் முப்பத்தேழுக்குள்.

அண்ணியின் நோட்டு நிரம்பிக்கொண்டு வந்தது.

முதலில் நின்றது சமையலறை. அதுவரை தினமும் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அம்மா "விடும்மா, நான் கழுவிக்கிறேன்" என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

"ஏன்டி, ஹுயிம்மா கிச்சனுக்கே வர மாட்டேங்குறா? நான் ஏதும் சொல்லிட்டேனா?"

"ஆபீஸ் வேலை ஜாஸ்தியா இருக்கும்மா."

அடுத்தது சாப்பாடு. மதியம் ஒரு மணிக்கு அம்மா அறை வாசலில் போய் நிற்பார். என் பழைய அறை வாசலில். "சாப்பிட்டியாம்மா?" என்பார். அண்ணி உடனே தட்டை மூடிவிடுவார். அண்ணி இளைத்தார். அவர் இளைத்ததைப் பார்த்துக் கவலைப்பட்டு அம்மா இன்னும் அடிக்கடி கேட்டார். அம்மா கேட்கக் கேட்க அண்ணி இன்னும் குறைவாகச் சாப்பிட்டார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான், ஆனாலும் மோதல். மிக உயர்ந்த காட்சி அதுதான் என்று இளமாறன் சார் ஆறாவது வகுப்பில் சொன்னார். அன்று குறிப்பு எடுத்துக்கொண்டவர்களில் யாருக்கும் என்னைப் போலப் புரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் வீட்டருகே வாட்டர்வே கால்வாய்க்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அவர் சட்டென்று நின்றார். எங்களுக்குள் ஆங்கிலம்தான்.

"ரக்ஷு, நிஜமா சொல்லு. அத்தைக்கு என்னைப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும் அண்ணி."

"அப்புறம் ஏன் அப்படிப் பேசறாங்க? முகம் அவ்வளவு அன்பா இருக்கு. வார்த்தை மட்டும் அப்படி."

"எங்க வீடுகள்ல அப்படித்தான் அண்ணி. முகம் ஒண்ணு சொல்லும், வாய் ஒண்ணு சொல்லும். டிராமாவைப் பாருங்க, போகப் போகப் புரியும்."

"ரஞ்சன்கிட்ட கேட்டா, 'அம்மா சும்மா சொல்றாங்க, விடு'ங்கிறான்."

"அவன் சொல்றதும் சரிதான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டில் தன்னிடம் நேராகப் பேசுவது நான் ஒருத்திதான் என்றார். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு எழுத்தாளரை இவ்வளவு நம்பிப் படிக்கிற ஒருவர் கிடைப்பது சாதாரண விஷயமா?

இனி எழுபத்தாறாவது எபிசோட். நீங்கள் கேட்டதே அதைப் பற்றித்தான்.

இளமாறன் சாருக்கு அந்த எபிசோட் மேல் பெருமை. ஒளிபரப்புக்கு இரண்டு வாரம் முன்பே அதன் ஸ்கிரிப்டை வகுப்புக்குக் கொண்டுவந்தார். "உணர்ச்சியை வாயால சொல்ல வைக்காதீங்க. கையில ஒரு பொருளைக் கொடுங்க. பொருள் பேசும்" என்று சொல்லிவிட்டுப் படித்தார். பாக்கியம் தன் கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கோமதிக்குப் போட்டுவிடுகிறாள். "இது என் மாமியார் எனக்குப் போட்டது. இப்ப உன் கைக்கு வருது. இனிமே இது உன் வீடும்மா." கோமதி அழுதுகொண்டே "பரவாயில்லை அத்தை" என்கிறாள். பிறகு, தன் அம்மாவிடம் காட்டுவதற்காக, ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏழு மாடிப் படியையும் இறங்கிப் போகிறாள். அத்துடன் அந்த வாரம் முடிகிறது. அடுத்தது திங்கட்கிழமைதான்.

சார் படித்து முடித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். நல்ல காட்சி அது.

அதற்கு நான் போட்ட வரிகள் இவை. பாக்கியம்: "எங்கள் வழக்கம் இது. மருமகளை அனுப்பும்போது வளையல் போடுவோம். இனி இது உன் வீடு இல்லை." கோமதி: "புரிகிறது. போய்விடுகிறேன்." அவள் பையோடு படி இறங்குகிறாள் அல்லவா, படமும் வரியும் ஒட்டிக்கொண்டது. ஸைஃப் கூட, "இந்த வாரம் பாவம்" என்று எனக்கு மெசேஜ் போட்டார்.

வியாழக்கிழமை எட்டரைக்கு இருவரும் சோஃபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். அந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் ஒரே நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை. அம்மா அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா பீரோவிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து வந்து அயர்ன் பலகையின் ஓரத்தில் வைத்தார். உள்ளே இரண்டு வளையல்கள். அப்பாவின் அம்மா அவருக்குப் போட்டவை. எனக்கு வளையல் பிடிக்காது, டைப் அடிக்க இடைஞ்சல். அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

"நாளைக்கு ஹுயிம்மாவுக்குப் பிறந்தநாள். டிராமாவுல வந்த மாதிரியே போட்டுடலாமாடி? அவளும் பாத்தாளே, அழுதாளே. அதனால புரியும்ல?"

"கண்டிப்பாப் புரியும்மா."

"என்ன சொல்லிப் போடறது? எனக்கு அவளை மாதிரி கோவையாப் பேச வராது."

"பாக்கியம் சொன்னதையே சொல்லும்மா. வார்த்தை மாறாம."

"வார்த்தை மாறாமயா?"

"ஆமா. அப்பத்தான் அண்ணிக்குச் சட்டுன்னு புடிபடும்."

அம்மாவுக்கு வசனத்தை நானே சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை "கைக்கு வருது" என்ற இடத்தில் தடுமாறினார், திருத்தினேன். ஒரு நடிகை என் சொற்படி பேசுவதை முதல் முறையாகக் கேட்டேன். அம்மாவுக்கு நல்ல குரல். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு திறமை வெளிப்படுவது பெரிய விஷயம்.

சனிக்கிழமை காலை அண்ணனுக்கு ஷிஃப்ட், ஃபோன் லாக்கரில் இருக்கும். அம்மா கேசரி கிண்டினார். அண்ணி புதுச் சட்டையில் ஹாலுக்கு வந்தார். அம்மா அவரை சோஃபாவில் உட்கார வைத்து, கையைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அளவு சரியாக இருந்தது.

"இது என் மாமியார் எனக்குப் போட்டது. இப்ப உன் கைக்கு வருது. இனிமே இது உன் வீடும்மா."

ஓர் எழுத்து பிசகவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு, அதை நான் சொல்லித் தரவில்லை.

அண்ணி வளையலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நோட்டில் எழுதி எழுதிப் பழகிய உச்சரிப்பில், மெதுவாகச் சொன்னார்.

"பரவாயில்லை அத்தை."

அம்மா சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "பாத்தியாடி, கோமதி மாதிரியே சொல்றா."

"கேசரி எடுத்துட்டு வரேன், சாப்பிடும்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணி அறைக்குப் போனார். கேசரி ஆறுவதற்குள் ஒரு பையோடு வந்து, அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். எங்கள் பிளாக்கில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும். அம்மா கதவருகில் நின்று கையசைத்தார்.

"அவங்கம்மாகிட்ட காட்டப் போறா" என்றார்.

அன்று மதியம் நான் வகுப்புக்குப் போனேன். போகாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். அண்ணி ஃபோனை எடுக்கவில்லை; பிறந்தநாளுக்குத் தன் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறார் என்றுதான் அம்மாவும் அண்ணனும் நினைத்தார்கள். திங்கட்கிழமை கூரியரில் வளையல்கள் திரும்பி வந்தன, கூடவே ஒரு கார்டு: 'உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.' அண்ணன் தோ பாயோவுக்கு ஓடினான். அங்கே அண்ணியின் நோட்டைப் பார்த்திருக்கிறான். பிறகு எபிசோடைத் தன் ஃபோனில் போட்டு, முதல் முறையாகக் கேம் இல்லாமல், காதால் கேட்டுக் கண்ணால் படித்திருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது அவன் கத்தவில்லை.

"நீதானே எழுதினே?"

"நான்தான்."

"ஏன்டி?"

"கோமதிக்கு ஒண்ணும் வேணும்னே இல்லை அண்ணா. இளமாறன் சார் அவளை அப்படி எழுதிட்டாரு. நான் அதைச் சரிபண்ணினேன்."

"உனக்கு ரூம் வேணும்னா கேட்டிருக்கலாமேடி" என்றான்.

அவன் ஏன் அறைப் பேச்சை எடுத்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று மாலையே அவன் அம்மாவைத் தோ பாயோவுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் விளக்கினான். அண்ணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாராம். ஆனால் திரும்பி வரவில்லை. அண்ணனிடம் அவர் சொன்னதை அவன் அப்படியே என்னிடம் சொன்னான்: "இப்ப எனக்குத் தெரியும். ஆனா என் காதுக்குத் தெரியலை. அத்தை சாப்பிட்டியான்னு கேட்டதும் வயிறு தானா மூடிக்குது." இருவரும் இப்போது உட்லண்ட்ஸில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

இளமாறன் சார் ஒரே ஒரு தடவை ஃபோன் செய்தார். "என் பாக்கியம் உனக்கு என்ன தப்பு பண்ணினா?" என்று கேட்டார். உடனே வைத்துவிட்டார். காட்சி நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நஃபீசாக்கா, இது தவறுதலா, தெரிந்து செய்ததா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. நேர்மையாகவே நிரப்புகிறேன். வளையல் வரியை நான் ஒளிபரப்புக்குப் பத்து நாள் முன்பு எழுதினேன். அந்த வளையல்களை ஹுயிம்மாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கப்போவதாக அம்மா அதற்கும் ஒரு மாதம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். பிறந்தநாள் என்ன கிழமை என்று காலண்டரில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஆகவே தெரிந்து செய்ததுதான்.

அம்மா இப்போதும் எட்டரைக்கு டிவி போடுகிறார். முகங்களைப் பார்ப்பதில்லை. எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று, கீழே வரும் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பாதி படிப்பதற்குள் வரி மறைந்துவிடுகிறது. அர்த்தம் என்னவென்று என்னிடம் கேட்பதில்லை. ஆனால் அவருடைய ஆங்கிலம் நன்றாக முன்னேறியிருக்கிறது, இதில் அந்த ஒரு நல்லதாவது நடந்திருக்கிறது.

படிவத்தில் கடைசிக் கேள்வி: இதனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்தாய்? இளமாறன் சாரின் முதல் வகுப்பு மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுதக் கற்றுக்கொள்வது ஒன்றுதான்.

இதை என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். இங்கே எப்போதுமே நல்ல காற்று. மணி ஒன்றாகிவிட்டது, ஆனால் அறை வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. அம்மா இப்போதெல்லாம் யாரையும் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. எழுத ரொம்ப வசதி.